பேசிப் பார்த்து எழுதுதல்: உயர்தரப் பொது ஆங்கிலத்திற்கு ஒரு 90 நிமிடப் பாடத்திட்டம்

க.பொ.த. உயர்தர வகுப்பில் பொது ஆங்கிலம் கற்கும் எனது மாணவர்கள் அதிக புள்ளிகளை இழப்பது கட்டுரை வினாவிலேயே. இலக்கணப் பயிற்சிகளைச் சரியாகச் செய்யும் மாணவருங்கூட, கட்டுரையின் முதல் வாக்கியத்தை எழுதிவிட்டுப் பேனையைக் கடித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அருகில் சென்று கேட்டால் ஒருவர், "சேர், சொல்ல விசயம் இருக்கு, இங்கிலீசிலை வருகுதில்லை" என்பார். இன்னொருவர், "எழுத விசயமே இல்லை சேர்" என்பார். இவை இரண்டும் வெவ்வேறு குறைகள். முதலாமவருக்கு மொழி தேவை. இரண்டாமவருக்கு எண்ணம் தேவை. இவ்விரண்டையும் ஒரே பாடவேளையில் கொடுப்பதற்கு நான் கண்ட வழி, எழுதுவதற்கு முன்னர் அதே விடயத்தை மாணவர் ஆங்கிலத்தில் தமக்குள் கலந்துரையாடச் செய்வதாகும்.

அத்தகைய ஒரு பாடத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதை, ஒரே தலைப்பை எடுத்துக்கொண்டு இங்கு நோக்குவோம். இது ஆசிரியரை முன்னிறுத்தி எழுதப்பட்டதாயினும், நான்கைந்து பேர் சேர்ந்து படிக்கும் மாணவர் குழுவொன்று ஒரு மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு இதனைத் தாமாகவே நடத்திப் பார்க்கலாம். ஆங்கிலத் தொடர்கள் சில ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. வகுப்பிலும் கொப்பியிலும் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்க.

மனனஞ் செய்த கட்டுரை ஏன் கைகொடுப்பதில்லை?

நான் உயர்தரம் படித்த காலத்தில் பதினொரு கட்டுரைகளை மனனஞ் செய்து வைத்திருந்தேன். தொலைக்காட்சியின் நன்மை தீமைகள் அவற்றுள் ஒன்று. 2010 இல் ஒரு தவணைப் பரீட்சையில், பிள்ளைகள் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கலாம் என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டுமா என்று வினா வந்தது. தொலைக்காட்சி என்ற சொல்லைக் கண்டதும் நான் பாடமாக்கியதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்தேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அடியில் சிவப்பு மையில் "கேட்டது இதுவல்ல" என்று மட்டும் இருந்தது. அதைவிடப் பெரிய பாடம் பின்னர் பல்கலைக்கழகத்தின் முதலாம் வருட ஆங்கில வகுப்பில் கிடைத்தது. ஒரு விடயம் பற்றி இரண்டு நிமிடம் உமது கருத்தைச் சொல்லும் என்றார்கள். எழுந்து நின்றேன். இரண்டு நிமிடமும் நின்றுவிட்டு அமர்ந்தேன். பதினொரு கட்டுரைகளில் ஒன்றிலேனும் எனது கருத்து என்று எதுவும் இருந்ததில்லை.

கனடாவில், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சு மொழியில் கற்பிக்கும் பாடசாலைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வேன் என்ற அறிஞர் 1985 இல் ஒரு விடயத்தை எடுத்துக்காட்டினார். பல வருடங்கள் பிரெஞ்சைக் கேட்டும் வாசித்தும் வந்த அப்பிள்ளைகள் அதனை நன்கு விளங்கிக்கொண்டனர். ஆனால் அவர்களது பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நீங்கவில்லை. கேட்பதும் வாசிப்பதும் மட்டும் போதாது, மாணவர் தாமே வாக்கியங்களை ஆக்கிப் பார்க்கவேண்டும், அப்போதுதான் தமக்கு எது தெரியாது என்பது அவர்களுக்கே புலப்படும் என்பது அவரது கருத்து. வருடத்திற்கு ஒரு தடவைகூட ஆங்கிலத்தில் வாய் திறக்காத எமது மாணவருக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

பெற்றோர் சிலர் என்னிடம், "இசட் புள்ளிக்குச் சேராத பாடத்துக்கு இவ்வளவு நேரம் ஏன்?" என்று கேட்பதுண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிக் கணிப்பில் பொது ஆங்கிலம் சேர்க்கப்படுவதில்லை என்பது உண்மையே. ஆனால் தமிழ் மொழிமூலம் கலைப்பிரிவில் கற்றுப் பல்கலைக்கழகம் செல்பவர் முதல் மாதத்திலேயே ஆங்கில நூல்களை எதிர்கொள்கிறார். செல்லாதவர் நேர்முகப் பரீட்சையில் ஆங்கிலத்தை எதிர்கொள்கிறார். இருவரிடமும் அப்போது இசட் புள்ளியை யாரும் கேட்கப்போவதில்லை.

தலைப்பைத் தெரிவுசெய்தல்

முதன்முதலாக நான் நடத்திய கலந்துரையாடல் பாடம் முழுத் தோல்வி. கரும்பலகையில் "கல்வியின் முக்கியத்துவம்" என்று எழுதி, "டிஸ்கஸ்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தேன். நாற்பது நிமிடங்களில் முன் வாங்கில் இருந்த மூன்று பையன்கள் மட்டும் பேசினார்கள். அதுவும் பத்தாவது நிமிடத்தில் தமிழுக்கு மாறி, பின்னர் கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டது. எழுதச் சொன்னபோது எல்லாரும் மனனக் கட்டுரைக்கே திரும்பினார்கள். பிழை மாணவர்மேல் அன்று. கல்வி முக்கியமில்லை என்று சொல்ல ஒருவரும் இல்லாத இடத்தில் கலந்துரையாட என்ன இருக்கிறது?

ஆகவே தலைப்பு, வகுப்பிலுள்ளோர் உண்மையாகவே இரு பக்கமாகப் பிரியக்கூடியதாக இருத்தல் வேண்டும். மாணவருக்கு அது பற்றிச் சொந்த அனுபவம் இருக்கவேண்டும். பொதுப்பெயராக அல்லாமல் ஆம் அல்லது இல்லை என்று விடை கூறக்கூடிய ஒரு கூற்றாக அதனை அமைக்கவேண்டும். நான் இப்போது ஒவ்வொரு வருடமும் முதலில் எடுப்பது பின்வரும் கூற்றாகும்:

"ட்யூஷன் கிளாசஸ் ஷுட் நொட் பி ஹெல்ட் ஒன் சன்டேஸ்." அதாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் ரியூசன் வகுப்புகள் நடத்தப்படலாகாது.

ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலைகளும் தேவாலய வழிபாடுகளும் நடைபெறுவதால் அன்று தனியார் வகுப்புகளை நிறுத்தவேண்டும் என்ற கோரிக்கை எமது நாட்டில் நெடுங்காலமாக எழுந்து வருகின்றது. ஆகவே மாணவர் இதனை வீட்டிலும் கோயிலிலும் கேட்டிருப்பர். தமது உடம்பின் களைப்பிலும் அறிந்திருப்பர். ரியூசன் ஆசிரியரான எனது வயிற்றில் அடிக்கும் தலைப்பு இது என்பதால், மாணவர் சற்றே கூடுதல் உற்சாகத்துடன் பேசுவதையும் கண்டிருக்கிறேன்.

நேரப் பங்கீடு

தலைப்பை அறிமுகஞ் செய்து மௌனமாகக் குறிப்பெழுத 5 நிமிடம், மொழிப்பகுதிக்கு 15, இருவர் இருவராகப் பேச 10, அறுவர் கொண்ட குழுவில் கலந்துரையாட 20, எழுத்துக்குத் திட்டமிட 10, எழுத 25, கொப்பி மாற்றி வாசிக்க 5. மொத்தம் 90 நிமிடம். பாடசாலையில் 40 நிமிடப் பாடவேளைதான் உண்டெனில், குழுக் கலந்துரையாடல் சற்றுச் சுருங்கினாலும் பரவாயில்லை, அதுவரையுள்ள பகுதியை ஒரு நாளும் எழுத்துப் பகுதியை மறுநாளும் நடத்துக. எழுத்தை மட்டும் வீட்டுவேலையாக அனுப்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போன கட்டுரை பெரும்பாலும் அண்ணாவின் அல்லது அக்காவின் கட்டுரையாகத் திரும்பி வரும்.

முதல் ஐந்து நிமிடத்தில் மாணவர் தமிழில் குறிப்பெழுதலாம். இதனைச் சில ஆசிரியர் ஏற்றுக்கொள்வதில்லை. எண்ணத்தையும் மொழியையும் ஒரே நேரத்தில் தேடச் சொன்னால் இரண்டும் அகப்படாமல் போகிறது என்பதே எனது அனுபவம். கூற்றுக்குச் சார்பாக ஒன்று, எதிராக ஒன்று, ஆகக் குறைந்தது இரண்டு காரணங்களையேனும் ஒவ்வொருவரும் எழுதியிருக்கவேண்டும். எதிர்ப் பக்கத்துக்கும் ஒரு காரணம் எழுதவைப்பது முக்கியம். பின்னர் கட்டுரையில் அதுவே உதவும்.

மொழிப்பகுதி: "வேண்டும்" என்ற ஒரு சொல்

இந்தப் பதினைந்து நிமிடங்களில் புதிய சொற்பட்டியல் எதனையும் கொடுக்கவேண்டியதில்லை. இத்தகைய கருத்தாடலுக்கு இன்றியமையாத இரண்டு விடயங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது "வேண்டும்" என்பதாகும். தமிழில் "எனக்குத் தேத்தண்ணி வேண்டும்", "நான் நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும்", "நீ நல்லாப் படிக்கவேண்டும்", "வாகனங்கள் இங்கு நிற்கவேண்டும்" ஆகிய நான்குக்கும் ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் அவ்வாறில்லை. முதலாவதில் விருப்பம் உள்ளது, ஆகவே "வோன்ட்". இரண்டாவதில் வெளியிலிருந்து வரும் கட்டாயம் உள்ளது, "ஹவ் டு". மூன்றாவது புத்திமதி, "ஷுட்". நான்காவது சட்டம், "மஸ்ட்". எமது மாணவர் எல்லாவற்றுக்கும் "மஸ்ட்" என்றே எழுதுகின்றனர். "கவர்மன்ட் மஸ்ட்", "பேரன்ட்ஸ் மஸ்ட்", "ஸ்டூடன்ட்ஸ் மஸ்ட்" என்று ஒரு பக்கத்தில் ஒன்பது "மஸ்ட்" கொண்ட கட்டுரையை நான் திருத்தியிருக்கிறேன். வாசிப்பவருக்கு அது கருத்தாகத் தோன்றாது, கட்டளையாகவே தோன்றும்.

பயிற்சியாக, ஞாயிறு வகுப்புப் பற்றி வேண்டும் என முடியும் நான்கு தமிழ் வாக்கியங்களை மாணவர் சொல்ல, அவை எந்த வகையைச் சேர்ந்தன என்று வகுப்பு தீர்மானிக்கட்டும். "எனக்கு ஓய்வு வேண்டும்", "பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது ஓய்வு கொடுக்கவேண்டும்" ஆகிய இரண்டும் ஆங்கிலத்தில் வேறு வேறு வினையைக் கொள்கின்றன என்பதை மாணவர் தாமே கண்டுபிடிக்கும்போது அது மறப்பதில்லை. இதேபோல "-லாம்" என்ற எமது விகுதியும் அனுமதி, இயலுமை, ஒருவேளை நடக்கக்கூடியது என்ற மூன்றையும் தாங்கி நிற்கிறது. அதனை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டையும் எடுத்தால் கலந்துரையாடலுக்கு நேரம் இராது.

இரண்டாவது, எதிர்க்கருத்தை ஒப்புக்கொண்டு தனது கருத்தைச் சொல்லும் வாக்கியமாகும். "வேறு நாள் இல்லாவிட்டாலும் ஞாயிறு ஓய்வு தேவை" என்று நாம் சொல்கிறோம். இதில் "-ஆலும்" என்பது முதற்பகுதியின் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடான "ஓல்தோ" வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடும். மாணவர் தலையில் "ஓல்தோ" வைத்துவிட்டு, தமிழ்ப் பழக்கத்தில் நடுவிலும் ஒரு இணைப்பைத் தேடி "பட்" என்பதையும் சேர்த்துவிடுகின்றனர். "ஓல்தோ ஐ ஆம் டயர்ட், பட் ஐ கோ டு கிளாஸ்" என்பது பிழையாகும். "ஓல்தோ" இருந்தால் "பட்" வேண்டாம். "பட்" இருந்தால் "ஓல்தோ" வேண்டாம். இரண்டில் ஒன்று போதும்.

இதற்கு அண்மித்த இன்னொரு பிழையும் உண்டு. நாம் "ஏனெனில்" என்று புதிய வாக்கியத்தைத் தொடங்குவதுபோல மாணவர் "பிகோஸ்" என்று பெரிய எழுத்தில் தொடங்கி, காரணத்தை மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவர். காரணம் மட்டும் தனித்து நிற்பது எழுத்தாங்கிலத்தில் நிறைவாக்கியமாகக் கொள்ளப்படுவதில்லை. முந்திய வாக்கியத்துடன் அதனை இணைத்துவிட்டால் சரி.

பேசுவதற்கு உதவியாகப் பலகையின் ஓரத்தில் நான்கே நான்கு தொடர்களை எழுதி விடுங்கள்: "ஐ திங்க் ... பிகோஸ் ...", "இட் இஸ் ட்ரூ தட் ... பட் ...", "ஐ டோன்ட் அக்ரீ, பிகோஸ் ...", "வட் டு யூ மீன் பை ...?" முன்பு நான் இருபது தொடர்களை அச்சடித்துக் கொடுத்தேன். மாணவர் தாளைப் பார்ப்பதில் ஆழ்ந்து எதிரிலிருப்பவரைப் பார்க்க மறந்தனர். நான்கு போதும்.

கலந்துரையாடலை நடத்துதல்

முதலில் பக்கத்தில் இருப்பவருடன் பத்து நிமிடம். முப்பத்தாறு பேர் உள்ள வகுப்பில் இதனால் ஒரே நேரத்தில் பதினெட்டுப் பேர் பேசுகின்றனர். சத்தம் கூடும். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது, தகரக் கொட்டகை வகுப்பாயின் மிகவும் நல்லது. பிழைகளைத் திருத்தச் செல்லவேண்டாம். கேட்கும் பிழைகளை உங்கள் கொப்பியில் குறித்துக்கொண்டு நடவுங்கள்.

பின்னர் அறுவராகச் சேருதல். குழுவில் ஒருவர் தலைவர், ஒருவர் குறிப்பாளர். தலைவரின் வேலை கருத்துச் சொல்வதன்று. இன்னும் பேசாதவரைப் பார்த்து வினாக் கேட்பது. நன்றாகப் பேசக்கூடிய மாணவரையே தலைவராக்குங்கள். அவர் தானே பேசி நேரத்தை முடித்துவிடாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. குறிப்பாளர் தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கத்தில் சார்பான காரணங்களையும் மறுபக்கத்தில் எதிரான காரணங்களையும் ஆங்கிலத்தில் எழுதுவார். யார் சொன்னது என்பதையும் பெயரின் முதலெழுத்தால் குறிப்பார்.

வினாக் கேட்டபின் காத்திருத்தல் பற்றி ஒரு சொல். மேரி பட் றோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் வினாவொன்றைக் கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருந்ததைக் கண்டார். 1970களில் வெளிவந்த அவரது ஆய்வுகளின்படி, அக்காத்திருப்பை மூன்று செக்கன்களாகக் கூட்டியபோது மாணவரின் விடைகள் நீண்டன, பேசாதிருந்தவரும் பேசினர். தாய்மொழியிலேயே அவ்வாறெனின் இரண்டாம் மொழியில் இன்னும் கூடுதலாகக் காத்திருக்கவேண்டும். நான் மனதுக்குள் எட்டுவரை எண்ணுவேன். எட்டு என்பது வகுப்பில் மிக நீண்ட நேரம், எண்ணிப் பார்த்தால் தெரியும்.

ஒரு வருடம் இத்தலைப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குழுவில் ஐந்து பேரும் ஞாயிறு வகுப்பை நிறுத்தவேண்டும் என்ற பக்கத்தில் இருந்தனர். ஓய்வு, குடும்பம், கோயில் என்று காரணங்கள் விரைவாக வந்து முடிந்துவிட்டன. ஆறாவதாக இருந்த மாணவி அவ்வருடம் முழுவதும் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசியவர் அல்ல. தலைவன் அவரைப் பார்த்து, "வட் டு யூ திங்க்?" என்றான். நான் அருகில் நின்று எண்ணத் தொடங்கினேன். எட்டைத் தாண்டியபின், "சன்டே ஒன்லி ஐ ஹவ்" என்றார்.

குழு அமைதியாகிவிட்டது. "வை?" என்று தலைவன் கேட்டான். துண்டு துண்டாக விடை வந்தது. சனிக்கிழமை முழுவதும் அம்மாவுக்குத் தையல் வேலையில் உதவி. கிழமை நாட்களில் பாடசாலை விட்டதும் பஸ்ஸைத் தவறவிட்டால் ஊருக்குப் போக வேறு வழியில்லை. ஞாயிறு வகுப்பை நிறுத்தினால் அவருக்கு ஓய்வு கிடைக்காது, வகுப்புத்தான் இல்லாமல் போகும். அதுவரை மிக உறுதியாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பையன் சற்றுநேரம் யோசித்துவிட்டு, "தென், சன்டே ஆஃப்டர்நூன்?" என்றான். காலையை விட்டுவிட்டு மாலையில் வைத்தால் என்ன என்பது அவனது கேள்வி. பதினேழு நிமிடங்களில் அக்குழு, எந்தக் கட்டுரைப் புத்தகத்திலும் இல்லாத ஒரு காரணத்தையும் ஒரு தீர்வையும் தானாகவே ஆக்கிக்கொண்டது.

"சன்டே ஒன்லி ஐ ஹவ்" என்பது "ஞாயிறு மட்டும்தான் எனக்கு இருக்கு" என்ற தமிழ் வாக்கியம் அப்படியே ஆங்கில உடுப்புப் போட்டு வந்தது. "சன்டே இஸ் தி ஒன்லி டே ஐ ஹவ்" என்பதே சரி. ஆனால் அதனை அந்த இடத்தில் நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அடுத்த வாக்கியம் வந்திராது. கலந்துரையாடல் முடிந்தபின், யார் சொன்னது என்று கூறாமல், அதனைப் பலகையில் எழுதி வகுப்பிடம் திருத்தச் சொன்னேன். கொப்பியில் குறித்த ஏனைய பிழைகளிலும் மூன்று அல்லது நான்கை மட்டும் இவ்வாறு எடுத்தால் போதுமானது. "டிஸ்கஸ் எபவுட்" என்பது அநேகமாக ஒவ்வொரு வருடமும் அவற்றுள் ஒன்றாக இருக்கும். "பற்றி" என்ற பொருள் "டிஸ்கஸ்" என்ற வினையுள்ளேயே அடங்கியிருப்பதால் "எபவுட்" தேவையில்லை.

இடையில் தமிழில் பேசினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரு சொல் தெரியாவிட்டால் அச்சொல்லை மட்டும் தமிழில் வைத்துக்கொண்டு வாக்கியத்தை ஆங்கிலத்தில் முடிக்கலாம் என்பது எமது வகுப்பின் விதி. "மை மதர் டஸ் தையல்" என்று சொன்னவருக்கு, கேட்டுக்கொண்டிருப்பவர் யாராவது உரிய சொல்லை எடுத்துக்கொடுப்பார்.

பேச்சிலிருந்து எழுத்துக்கு

பல பாடங்கள் இந்த இடத்திலேயே முறிகின்றன. கலந்துரையாடல் நன்றாக நடந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் ஆசிரியர் "சரி, இப்ப எழுதுங்கோ" என்று விட்டுவிடுகிறார். பேசியது ஒன்று, எழுதுவது ஒன்று என்றாகிவிடுகிறது. பத்து நிமிடத் திட்டமிடல் இதனைத் தடுப்பதற்கேயாகும்.

குறிப்பாளரின் தாளை குழுவின் நடுவில் வைக்கவும். ஒவ்வொரு மாணவரும் முதலில் தனது நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதுவார். கலந்துரையாடலின்போது தான் நின்ற பக்கத்திலேயே நிற்கவேண்டும் என்பதில்லை, மாறியிருந்தால் மாறியதையே எழுதலாம். பின்னர் தாளிலிருந்து தனக்குச் சார்பான இரண்டு காரணங்களையும் எதிரான ஒரு காரணத்தையும் தெரிவார். சார்பான ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் உதாரணம் வேண்டும். உதாரணம் என்பது யாருக்கு, எப்போது, என்ன நடந்தது என்பதாகும். "மாணவர் களைப்படைகின்றனர்" என்பது காரணம் மட்டுமே. "திங்கள் காலை முதற் பாடவேளையில் எனது வகுப்பில் நான்கு பேர் மேசையில் தலை வைத்துத் தூங்குகின்றனர்" என்பது உதாரணம். மாணவர் எழுத்தில் குறைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை வாக்கியங்களே.

கட்டுரை நான்கு பந்தியாக அமையும். முதற் பந்தியில் பிரச்சினையும் நிலைப்பாடும், மூன்று வாக்கியங்களுக்கு மேற்படாமல். அடுத்த இரண்டு பந்திகளில் ஒவ்வொரு காரணமும் உதாரணமும். நான்காவதில் எதிர்க்கருத்து "ஓல்தோ" வாக்கியத்தால் ஒப்புக்கொள்ளப்பட்டு, ஒரு தீர்வு கூறப்படும். நிலைப்பாட்டை மீண்டும் ஒருமுறை அப்படியே எழுதி முடிப்பதைவிட இது மேலானது. அந்தப் பையனின் பிற்பகல் யோசனை இந்த நான்காம் பந்திக்குத்தான் பொருத்தமாக அமைந்தது.

எழுதும் 25 நிமிடமும் வகுப்பில் பேச்சில்லை. அகராதி பார்க்கலாம். முதல் மூன்று நிமிடத்தில் எழுதத் தொடங்காதவரிடம் சென்று, "குழுவில் நீர் சொன்னதை எனக்குச் சொல்லும்" என்று கேட்கவும். அவர் சொன்ன வாக்கியத்தையே முதல் வாக்கியமாக எழுதவைக்கவும். "விசயமே இல்லை சேர்" என்பவரும் இப்போது அவ்வாறு சொல்லமுடியாது. அவரது பெயரின் முதலெழுத்துத் தாளில் இருக்கிறது.

அந்த மாணவி அன்று ஏழு வரிகள் எழுதினார். நான்கு பந்தி வரவில்லை, புள்ளியிட்டால் குறைவாகவே வந்திருக்கும். ஆனால் அந்த ஏழு வரிகளிலும் மனனஞ் செய்த வரி ஒன்றேனும் இருக்கவில்லை.

திருத்துதல்

முப்பத்தாறு கொப்பிகளிலும் உள்ள எல்லாப் பிழைகளையும் திருத்தும் ஆசிரியரை நான் மதிக்கிறேன், ஆயினும் பின்பற்றுவதில்லை. சிவப்பாகிய பக்கத்தை மாணவர் வாசிப்பதில்லை, புள்ளியைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடுகின்றனர். அன்று கற்பித்த இரண்டு விடயங்களை மட்டும், அதாவது "வேண்டும்" வினைகளையும் "ஓல்தோ" வாக்கியத்தையும் அடிக்கோடிடுங்கள். சரியாக அமைந்தவற்றுக்கும் ஒரு அடையாளம் இடுங்கள். மேலதிகமாக, கருத்துத் தொடர்பான ஒரு வினாவை ஓரத்தில் எழுதுங்கள்: "உமது தங்கைக்கும் இது பொருந்துமா?" என்பது போல. அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் மாணவர் அடிக்கோடிட்டவற்றைத் தாமே திருத்தி, ஓரத்து வினாவுக்கு விடையாக இரண்டு வாக்கியங்களைச் சேர்ப்பர். எழுத்து வளர்வது பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களிலேதான்.

ஒரு விடயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மேற்கூறிய பாடம் நடந்தபின் மாணவர் சிலர் என்னிடம் வந்து, "அப்ப சேர், எங்கட ஞாயிறு வகுப்பு?" என்று கேட்டனர். அடுத்த மாதம் முதல் அதனைக் காலை 8 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்கு மாற்றினேன். நான்கு மாணவர் நேரம் ஒத்துவராமல் வேறிடம் போய்விட்டனர். வருமானத்தில் அது எனக்குக் குறைவுதான். அதற்குப் பின்னர் வைத்த கலந்துரையாடல்களில் மாணவர் பேசிய விதம் வேறாக இருந்தது.

பயிற்சி

பின்வரும் கூற்றுகளில் ஒன்றைத் தெரிந்து, நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குழுவாகக் கலந்துரையாடுக. மடித்த தாளில் இரு பக்கக் காரணங்களையும் குறித்தபின், 25 நிமிடத்தில் நான்கு பந்திகளில் கட்டுரை எழுதுக. குறைந்தது இரண்டு வாக்கியங்களாவது உமது குழுவில் வேறொருவர் சொன்ன கருத்துக்கு விடையாக அமைதல் வேண்டும்.

1. உயர்தர மாணவர் பாடசாலைக்குக் கைத்தொலைபேசி கொண்டுவர அனுமதிக்கப்படவேண்டும்.

2. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்தபின்னர் எல்லா மாணவரும் மூன்று மாதம் ஒரு தொழில் பழகவேண்டும்.

3. வீட்டுவேலைகளை ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சமமாகச் செய்யவேண்டும்.

மூன்று கூற்றுகளும் "வேண்டும்" என்றே முடிகின்றன. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எழுதும்போது எந்த வினையைப் பயன்படுத்துவீர் என்பதைக் கலந்துரையாடலுக்கு முன்னரே குழுவாகத் தீர்மானித்துக்கொள்க.